எமது அனுபவத்தை நாமே எடுத்துச் சொல்வோம்

முகாமில் இருந்த காலத்தில் எம்மிடம் தகவல் திரட்ட வந்தவர்கள் பலர். கேள்விகள் கேட்டார்கள், படிவங்களை நிரப்பிக்கொண்டு போனார்கள். அந்தத் தகவல்கள் எங்கே, யாரால் பேசப்பட்டன என்பதை நாம் அறியோம். நாம் கற்றதையும் செய்ததையும் நாமே எடுத்துச் சொல்ல முடியாதா? முடியும். அதற்கான ஒரு வழியை இங்கு விளக்குகிறோம்.

கைத்தொலைபேசி, கணினி, இணையம் போன்றவற்றின் உதவியுடன் கற்பதை இலத்திரனியல் கற்றல் என்பர். இதுபற்றிய மாநாடுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. பொதுநலவாயக் கற்றல் அமைப்பு 1999இல் புருணையில் தொடங்கிய திறந்த கற்றல் மாநாடு அவற்றுள் ஒன்று. 2010இல் அது கேரளத்தின் கொச்சியில் நடைபெற்றது.

இவை பேராசிரியர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். இதே அமைப்பு 2004இல் தமிழ்நாட்டில் விவசாயிகளுக்கான வாழ்நாள் கற்றல் திட்டத்தை ஆரம்பித்தது. தேனி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்கள், கைத்தொலைபேசியில் வந்த குரற்செய்திகளைக் கேட்டு ஆடு வளர்ப்பைக் கற்றார்கள். எமது நாட்டில் கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில், நேயர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பியது. கமக்காரரின் அனுபவமும் மாநாட்டில் பேசத் தக்கதே.

மாநாட்டில் பேச விரும்புவோர் முதலில் ஒரு முன்மொழிவை அனுப்ப வேண்டும். இது பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மேற்படாது. பல மாநாடுகளில் எழுதியவரின் பெயரை மறைத்துவிட்டே மதிப்பிடுவர். அங்கு பட்டமும் பதவியும் உதவா. அந்த ஒரு பக்கத்தில் பின்வரும் கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்.

1. யார், எங்கே, எத்தகைய நிலையில் கற்றார்கள்?
2. எதை, எந்தச் சாதனத்தின் மூலம் கற்றார்கள்?
3. அதனால் என்ன மாறியது? அது எப்படித் தெரியும்?
4. எது சரிவரவில்லை? பிறர் இதிலிருந்து எதை அறியலாம்?

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். "எமது குழுப் பெண்கள் கைத்தொலைபேசி மூலம் சிறந்த பயன் பெற்றனர்" என்று எழுதினால் மதிப்பிடுபவருக்கு ஒன்றும் விளங்காது. "30 பெண்கள் மிளகாய் நாற்றுமேடை பற்றிய குரற்பாடங்களைக் கேட்கத் தொடங்கினர். 18 பேர் இறுதிவரை கேட்டனர். 11 பேர் நாற்றுமேடை அமைத்தனர். மற்றவர்களுள் பலர் பகலில் கூலி வேலைக்குச் சென்றதால் கேட்க முடியவில்லை. பாடத்தை இரவுக்கு மாற்றினோம்" என்று எழுதினால் எல்லாம் விளங்கும். இடையில் விட்டுப்போனவர்களை மறைக்க வேண்டாம். அவர்கள் ஏன் விட்டுப்போனார்கள் என்பதே மற்றவர்களுக்குப் பெரிய பாடம். ஆகவே கற்கத் தொடங்கும் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் கணக்கு வைத்திருங்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால், ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து மொழிபெயர்க்கலாம். அனுப்புமுன் அதைத் தமிழில் திருப்பிச் சொல்லுமாறு அவரிடம் கேளுங்கள். எமது கருத்து மாறியிருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

ஒருவருடைய பெயர், படம், காணி விபரம், குடும்பத்தின் இழப்பு ஆகியவற்றை அவருடைய சம்மதமின்றிச் சேர்க்கக் கூடாது. எமக்கு முன்பு நடந்ததை நாம் பிறருக்குச் செய்யலாகாது.

செலவைப் பற்றியும் முன்கூட்டியே விசாரியுங்கள். பதிவுக் கட்டணம், பயணம், விசா யாவும் சேர்ந்தால் தொகை பெரிது. சில மாநாடுகள் உதவிப்பணம் தருகின்றன. சிலவற்றில் இணையம் வழியாகவே பேசலாம். அனுப்பிய மறுநாளே "ஏற்றுக்கொண்டோம், பணம் அனுப்புங்கள்" என்று பதில் வந்தால் அவதானமாக இருங்கள். பணம் பறிப்பதற்காகவே நடத்தப்படும் மாநாடுகளும் உண்டு. அறிந்த பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் கட்டுங்கள்.

முன்மொழிவு தெரிவாகாவிட்டாலும் உழைப்பு வீண்போகாது. குழுவின் வேலை ஒரு பக்கத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது. கமநல சேவை நிலையத்திடமோ உதவி நிறுவனத்திடமோ எதையேனும் கேட்கப் போகும்போது அதே பக்கத்தைக் கொண்டு செல்லலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் மேற்கூறிய நான்கு கேள்விகளையும் வாசித்து, ஒவ்வொருவரும் சொல்வதை எழுதிப் பாருங்கள்.