குளோரின் போட்டும் வழவழப்பு!

வீட்டில் நாலு நாள் கழுவாத குடத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். அடியில் மட்டும் வழவழன்னு ஒட்டும். பாக்டீரியாக்கள் கோந்து போல ஒன்றைச் சுரந்து தங்களுக்குக் கட்டிக்கொண்ட வீடு அது. பயோஃபிலிம் என்று பெயர். அதே ஆசாமி ஆர்.ஓ. மெம்பரேனுக்குள் குடியேறினால் என்ன ஆகும் என்பதை இன்பிளான்ட் டிரெய்னிங்கில் பார்த்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் தினமும் எஸ்.டி.ஐ. டெஸ்ட் எடுப்பது என் வேலை. ஒரு சின்ன ஃபில்டர் தாள் எவ்வளவு சீக்கிரம் அடைகிறது என்று பார்ப்பதுதான் அது. எப்போதும் மூன்றுக்குக் கீழே வரும். ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போவேன். ஒருநாள் ஆபரேட்டர் அண்ணன் கூப்பிட்டுக் கேஜைக் காட்டினார். மெம்பரேனுக்குள் போகிற அழுத்தத்துக்கும் வெளியே வருகிற அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எகிறியிருந்தது! எஸ்.டி.ஐ. காட்டுவது தூசு துகளைத்தான். கிருமிக்கான தீனி தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அது சொல்லாது. சுருட்டிய மெம்பரேன் தாள்களுக்கு நடுவே, தண்ணீர் ஓடுவதற்காக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனில் பிளாஸ்டிக் வலை இருக்கிறது. வழவழப்பு அந்த வலையைத்தான் முதலில் அடைக்கும்.

"குளோரினை ஏத்திவிட்டா போச்சுண்ணே" என்றேன்.

"தம்பி, பாலிஅமைடு மெம்பரேனையே குளோரின் தின்னுடும்" என்றார்.

அதனால்தான் முன்னாலேயே சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டுக் குளோரினை முறிக்கிறார்கள். வினையே அங்கேதான். தண்ணீரில் உள்ள பெரிய கரிமப் பொருட்களைக் குளோரின் உடைத்து, கிருமி சுலபமாகத் தின்னும்படி ஆக்கிவிடுகிறது. செத்த கிருமியும் தீனிதான். தப்பிப் பிழைத்தவை காவல் இல்லாத மெம்பரேனில் உட்கார்ந்து பந்தி சாப்பிடுகின்றன.

கழுவுவதிலும் ஒரு தப்பு நடந்தது. உப்புப் படிவு என்று நினைத்து முதலில் சிட்ரிக் ஆசிட் ஓட்டினோம். கேஜ் முள் அசையவில்லை. மறுநாள் காஸ்டிக் கரைசல்: பி.எச். 12, சூடு 35 டிகிரியைத் தாண்டாமல். சுற்றவிட்டு, ஊறவிட்டு, மறுபடி சுற்றவிட்டோம். சாம்பார் கலரில் தண்ணீர் வந்தது, நாற்றம் வேறு! வழவழப்பு என்றால் காரம் முதலில், அமிலம் பிறகு.

ஆனால் ஒட்டிக்கொண்ட மிச்சத்திலிருந்து அது மறுபடி வளரும். அண்ணன் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரைத் திறந்தார்; உள்ளே கையால் வழித்தெடுக்கலாம் போலிருந்தது. மெட்டாபைசல்பைட் அந்த ஃபில்டருக்கு முன்னால் விழுந்துகொண்டிருந்ததால் ஃபில்டரே கிருமிப் பண்ணை ஆகியிருந்தது. விழும் இடத்தை ஃபில்டருக்குப் பின்னால் மாற்றினார்கள். பிளான்ட்டை நிறுத்தும்போதெல்லாம் ஆர்.ஓ. தண்ணீரால் மெம்பரேனை அலசச் சொன்னார்கள்.

நான் ரிஜிஸ்டரில் எஸ்.டி.ஐ.க்குப் பக்கத்தில் கோடு கிழித்து, அழுத்த வித்தியாசத்துக்கும் ஒரு கட்டம் போட்டேன். டீ அதை எழுதின பிறகுதான்.