நகைச்சுவை நடிகன் ஆவது எப்படி?

பிறரை அழவைப்பது அரிது, சிரிக்கவைப்பது எளிது என்பது பலருடைய எண்ணம். நாடகக் கலையை நன்கறிந்தவர்கள் இதற்கு நேர்மாறாகவே கூறுவர். அழுகைக்குரிய காட்சியில் நடிகன் சற்றுத் தவறினாலும் கதையின் துயரம் அவனைத் தாங்கிக்கொள்ளும். நகைச்சுவையிலோ ஒரு சொல் முந்தினாலும் பிந்தினாலும் சபை வாளாவிருந்துவிடும். தோல்வி அந்தக் கணமே தெரிந்துவிடுகிறது.

பாடசாலையில் ஆசிரியரைப் போலப் பேசிக்காட்டி நண்பர்களைச் சிரிக்கவைக்கும் இளைஞன் ஒருவன், "நடிப்பே என் தொழில்" என்று வீட்டில் சொல்கிறான் எனக் கொள்வோம். தாய் தந்தையர் அஞ்சுகின்றனர். அவர்களது அச்சத்தில் நியாயம் உண்டு. அவனது ஆசையிலும் உண்மை உண்டு. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதற்கு இத்தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். நண்பர்கள் சிரிப்பது அந்த ஆசிரியரை அவர்களும் அறிந்திருப்பதால். முன்பின் அறியாதவரையும் சிரிக்கவைக்கும் ஆற்றலே கலை எனப்படும். அது பயின்று பெறவேண்டிய ஒன்று.

நகையைத் தமிழர் அற்பமாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினைக் கூறுமிடத்து நகையையே முதலில் வைத்தார். பிறரை எள்ளுதல், இளமைக்குரிய செயல், அறியாமை, பிறர் சொன்னதை அப்படியே நம்பிவிடும் மடமை ஆகிய நான்கிலிருந்து அது பிறக்கும் என்பது அவர் கருத்து. இவற்றுள் எள்ளல் ஒன்றையே நம் இளைஞர் பலர் கையாளுகின்றனர். ஊனமுற்றவரையும் திக்கிப் பேசுபவரையும் பழிப்பதே நகைச்சுவை என மயங்குகின்றனர். ஏனைய மூன்றிலும் எவர் மனமும் புண்படுவதில்லை.

பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' இதற்கு நல்ல சான்று. 1941ஆம் ஆண்டில் அது திரைப்படமாக வந்தபோது, அசட்டுச் செல்வந்தப் பிள்ளையாக ரி. ஆர். இராமச்சந்திரனும், அதே பெயருடைய வேலைக்காரனாகக் காளி என். இரத்தினமும் நடித்தனர். எசமான் சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றும் வேலைக்காரன் அவன். தான் வேடிக்கை செய்வதாக அவன் ஒருபோதும் எண்ணுவதில்லை. தன் கடமையைச் செவ்வனே செய்வதாகவே நம்புகிறான். அந்த நம்பிக்கையே நம்மைச் சிரிக்கவைக்கிறது. நடிகன் தானே முதலில் சிரித்துவிட்டால் சபைக்குச் சிரிப்பதற்கு எதுவும் எஞ்சாது.

முற்காலத்தில் இக்கலையைக் கற்பித்தவை பாலர் நாடக சபைகள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், ரி. கே. சண்முகம் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தார். பாட்டும் வசனமும் மனப்பாடமாயின. ஒழுங்கு கடுமையாக இருந்தது. ஆயினும் அவ்வாழ்வில் ஓர் ஆபத்தும் இருந்தது. பருவம் வரும்போது குரல் உடையும். அதனை 'மகரக்கட்டு' என்பர். அதுவரை இனிய குரலாற் புகழ்பெற்ற சிறுவன் ஒரே நாளில் பாட இயலாதவன் ஆகிவிடுவான். ஒரே ஒரு வரத்தை நம்பி வாழும் நடிகனுக்கு இன்றும் இது எச்சரிக்கையாகும்.

நாகர்கோயிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இற் பிறந்த என். எஸ். கிருஷ்ணன், வறுமையால் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். பின்னர் ரி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிற் சேர்ந்து நடிகரானார். வில்லுப்பாட்டு, பாடல், நடிப்பு எனப் பல துறைகளிலும் அவர் தேர்ந்திருந்தார். சமூகத்தின் மூடப் பழக்கங்களைச் சுட்டிக்காட்டியபோதும், கண்டிக்கப்பட்டவரே உடனிருந்து சிரிக்கும்படி செய்தார். 1957இல் அவர் மறைந்தபின்னும் அந்த வழி மறையவில்லை.

ஈழத்தின் கூத்து மரபும் ஒரு பயிற்சிப் பள்ளியே. மட்டக்களப்பில் அண்ணாவியார் ஒருவர், சட்டங் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை இளைஞரைப் பல மாதங்கள் பழக்குவார். பகலில் வயலில் உழைப்பவன் இரவில் களரியில் ஆடுவான். உடலும் குரலும் தாளமும் ஒன்றுபடும்வரை அவனுக்கு மேடை கிடைப்பதில்லை.

வானொலியில் நடிப்பவனுக்கு உடலும் முகமும் உதவுவதில்லை. குரல் ஒன்றே துணை. இலங்கை வானொலியில் எஸ். இராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' இதனை நன்கு உணர்த்தியது. மரிக்கார், ஐயர், அப்புக்குட்டி, உபாலி ஆகிய நால்வரும் நால்வகைத் தமிழ் பேசினர். யார் பேசுகிறார் என்பதை நேயர் முதற் சொல்லிலேயே அறிந்துகொண்டனர். அது 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' என்னும் தனிநடிப்பில் மேடையில் நின்றவர் ஒருவரே. ஆயினும் பயணிகள் நிறைந்த பேருந்து ஒன்றைச் சபையோர் கண்ணாற் கண்டனர். சந்தையிலும் பேருந்திலும் மக்கள் பேசுவதை உற்றுக் கேட்கும் செவி இல்லாதவனுக்கு இது கைகூடாது. ஆகவே இத்துறையை நாடும் இளைஞனின் முதற் பாடம் பேசுவதன்று, கேட்பதே.

இரண்டாவது பாடம் மூச்சு. நீண்ட வசனத்தின் கடைசிச் சொல்லிலேதான் பெரும்பாலும் சிரிப்பு இருக்கும். மூச்சுத் தளர்ந்து அச்சொல் விழுங்கப்பட்டால் யாவும் வீண். மூன்றாவது பாடம் மௌனம். சபையின் சிரிப்பு உச்சத்தை எட்டித் தணியத் தொடங்கும்போதே அடுத்த வசனம் வரவேண்டும். முந்தினால் அது கேளாது; பிந்தினால் சபை குளிர்ந்துவிடும். இந்த அளவை மேடையில் பலமுறை நின்றே அறிதல் வேண்டும்.

இனி வயிற்றுப்பாட்டைப் பார்ப்போம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணிபுரிந்தவர். நாகேஷ் இரயில்வே எழுத்தராக இருந்துகொண்டே மேடையேறினார். வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடங்களே தோன்றிய சிறு வேடம் அவரைப் பிறர் கவனிக்கச் செய்தது. 1964இல் அவர் நடித்து வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' கதையை முதலில் நாடகமாக எழுதிய கே. பாலசந்தரும் அரசாங்க அலுவலகம் ஒன்றிற் பணியாற்றியவரே. இவர்களுக்கு உத்தியோகம் கலைக்குத் தடையாகவில்லை. கலை முதிரும்வரை தாங்கிநின்ற ஊன்றுகோலாயிற்று.

இலங்கையில் இன்று இளைஞருக்கு வழிகள் உண்டு. 'நாடகமும் அரங்கியலும்' பாடசாலையிற் பரீட்சைக்குரிய பாடமாக உள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் இதனைப் பட்டப்படிப்பாகப் பயிலலாம். அவ்வாறு பயின்றவர் நாடக ஆசிரியராகவோ ஒலிபரப்பாளராகவோ வாழ்க்கை நடத்தவும் இடமுண்டு.

ஆதலால், நடிக்க விரும்பும் பிள்ளையை மறித்தலும் தகாது. கல்வியை இடைநிறுத்தி மேடைக்கு அனுப்பிவிடுதலும் தகாது. ஊரில் நடைபெறும் நாடகமொன்றில் அவனுக்கு ஒரு சிறு வேடம் கிடைக்கட்டும். அச்சிறு வேடத்துக்காக அவன் பல நாள் உழைக்கிறானா, கைதட்டலை மட்டும் நாடுகிறானா என்பதைப் பெற்றோர் கவனிக்கட்டும். உழைப்பவனாயின் அவன் ஆசையை நம்பலாம்.