வெல்டிங் புரியல... ஆனா ரிப்போர்ட்ல பாஸ்! இன்ஜினீயரிங் கல்லூரிகளின் ‘கற்றல் விளைவு’ கணக்கு என்ன சொல்கிறது?

சமீபத்தில் இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். இன்டர்னல் டெஸ்ட் வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ‘சிஓ2’, ‘கே3’ என்று குட்டியாக அச்சாகியிருக்கும். அது என்னன்னு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. செமஸ்டர் முடியும்போது ஒரு கூகுள் ஃபார்ம் வரும். ‘வெல்டிங் முறைகளை விளக்க முடியுமா?’ என்ற மாதிரி ஐந்து கேள்விகள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் தட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு படிப்பு மாணவருக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்பதைக் கல்லூரி மதிப்பிடுவது இந்தக் குறியீட்டையும் ஃபார்மையும் வைத்துத்தான். அந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் படிக்கும் மாணவர்களுக்கு அதன் பாதிப்பு அதிகம்.

சிஓ, பிஓ... அப்படின்னா?

சிஓ என்பது ‘கோர்ஸ் அவுட்கம்’. ஒரு பாடத்தை முடித்ததும் மாணவரால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பதன் பட்டியல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி மெக்கானிக்கல் மாணவர்கள் ‘மேனுஃபாக்சரிங் ப்ராசஸஸ்’ பாடம் படிக்கிறார்கள். அதில் ஐந்து யூனிட்: வார்ப்பு, வெல்டிங் உள்ளிட்ட இணைப்பு முறைகள், உலோகத்தை அழுத்தி வடிவமைத்தல், தகடு வேலை, பிளாஸ்டிக். யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து சிஓ.

பிஓ என்பது ‘புரோகிராம் அவுட்கம்’. நான்கு வருடப் படிப்பும் முடிந்து வெளியே வருபவரிடம் இருக்க வேண்டிய திறன்கள். தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ வகுத்தவை இவை. நீண்ட காலம் 12 இருந்தன. 2025 முதல் வந்த புதிய வடிவத்தில் 11. பொறியியல் அறிவு, சிக்கலைப் பகுத்தாய்தல், குழுவாக வேலை செய்தல் என்று அந்தப் பட்டியல் போகும். ஒவ்வொரு சிஓவும் எந்த பிஓவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 போட்டு ஒரு அட்டவணை தயாரிப்பார்கள்.

‘கே’ என்பது கேள்வியின் ஆழம். கே1 என்றால் நினைவில் இருந்து எழுதுவது, கே3 என்றால் தெரிந்ததைப் பயன்படுத்துவது, கே6 என்றால் புதிதாக உருவாக்குவது. 1956-ல் பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளரும் அவரது குழுவினரும் வகுத்த படிநிலையின் திருத்திய வடிவம் இது.

இது ஏன் வந்தது?

1989-ல் சில நாடுகள் சேர்ந்து ‘வாஷிங்டன் ஒப்பந்தம்’ போட்டன. ஒரு நாடு அங்கீகரித்த இன்ஜினீயரிங் படிப்பை மற்ற நாடுகளும் இணையாக ஏற்கும். இந்தியா 2014-ல் இதில் நிரந்தர உறுப்பினரானது. ‘எத்தனை மணி நேரம் பாடம் நடத்தினீர்கள்’ என்பதைவிட ‘மாணவரால் என்ன செய்ய முடிகிறது’ என்பதைக் காட்டச் சொல்கிறது இந்த முறை.

ஆனா ஒரு விஷயம். இந்த ஒப்பந்தத்தின் பலன் என்பிஏவின் ‘முதல் அடுக்கு’ அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும்தான். அது தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் உரியது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில்தான் விண்ணப்பிக்க முடியும்.

விழுப்புரம் எங்கே வருகிறது?

விழுப்புரம் காகுப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டும் 2008-ல் தொடங்கியவை. சென்னைக்குப் போய் ஹாஸ்டல் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு, வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் அரசுக் கட்டணத்தில் ஒரு இன்ஜினீயரிங் சீட்.

கிண்டியில் மேனுஃபாக்சரிங் இன்ஜினீயரிங்குக்குத் தனித் துறையே இருக்கிறது. அங்கே பாடம் நடத்துபவர்களே பாடத்திட்டம் வகுக்கலாம், வினாத்தாள் எடுக்கலாம், திருத்தலாம். எந்தக் கேள்வியில் மாணவர்கள் தடுமாறினார்கள் என்பது அவர்கள் கண்ணெதிரே இருக்கும்.

உறுப்புக் கல்லூரிகளில் அப்படி இல்லை. பாடத்திட்டமும் செமஸ்டர் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். விடைத்தாள் வெளியே திருத்தப்படும். கல்லூரிக்குத் திரும்பி வருவது ஒரு கிரேடு மட்டும். வெல்டிங் கேள்விக்கு யார் எத்தனை மார்க் வாங்கினார்கள் என்ற விவரம் வராது.

கணக்கில் ஓட்டை எங்கே?

ஒரு கற்பனை உதாரணம் பார்க்கலாம். வகுப்பில் 60 பேர். இலக்கு மதிப்பெண்ணை 80% பேர் தாண்டினால் நிலை 3, 70% என்றால் 2, 60% என்றால் 1 என்று துறை முடிவு செய்திருக்கிறது.

இன்டர்னல் தேர்வில் வார்ப்புக் கேள்விகளில் 48 பேர் தாண்டினார்கள். 80%, நிலை 3. வெல்டிங்கில் 36 பேர்தான். 60%, நிலை 1. பிரச்சினை எங்கே என்று பளிச்சென்று தெரிகிறது.

அடுத்து பல்கலைக்கழகத் தேர்வு முடிவு வருகிறது. மொத்தப் பாடத்துக்கும் சேர்த்து நிலை 2. கேள்வி வாரியாக மார்க் இல்லாததால் ஐந்து சிஓவுக்கும் அதே 2-ஐப் போட வேண்டியதுதான். தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டருக்கு 60. அந்த விகிதத்தில் சேர்த்தால் வெல்டிங் 1.6 ஆகிவிடும்.

கடைசியாக அந்த கூகுள் ஃபார்ம். அதற்கு 20% எடை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முழு மதிப்பெண் தட்டியதால் அங்கே நிலை 3. 1.6-ல் 80%, 3-ல் 20%. கூட்டினால் 1.88.

துறை வைத்த இலக்கு 1.8. ரிப்போர்ட்டில் ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று பதிவாகிறது. வெல்டிங் புரியாத அந்த 24 பேர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விட்டார்கள்.

இதில் யாரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு படியும் விதிப்படிதான் நடந்தது. ஆனா அடுத்த வருஷமும் அதே பாடம் அதே மாதிரி நடத்தப்படும்.

அப்போ கல்லூரியால் என்ன செய்ய முடியும்?

பாடத்திட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் இன்டர்னல் 40 மார்க் கல்லூரியின் கையில் இருக்கிறது. லேப் பாடங்களில் அது 60. கற்றல் விளைவை உண்மையாகப் பார்க்கும் ஜன்னல் அதுதான்.

முதல் வேலை, எண்களைக் கலப்பதற்கு முன்பே பார்ப்பது. 1.88-ஐ வைத்துக் கூட்டம் போடுவதைவிட, முதல் இன்டர்னல் முடிந்த வாரமே அந்த 60%-ஐ வைத்துப் பேசினால் அந்த செமஸ்டர் மாணவர்களுக்கே பலன் கிடைக்கும். ஆறு மாதம் கழித்து எழுதும் ‘கூடுதல் வகுப்பு நடத்தப்பட்டது’ என்ற வரி அவர்களுக்கு உதவாது.

இரண்டாவது, கேள்வியை மாற்றுவது. ‘வெல்டிங் குறைபாடுகளைப் பட்டியலிடுக’ என்றால் மனப்பாடம் செய்தவர் தப்பித்துவிடுவார். வெட்டிய ஒரு வெல்டிங் துண்டைக் கையில் கொடுத்து, ‘இதில் துளை ஏன் வந்தது?’ என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஊரைப் பயன்படுத்துவது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. பொதுவாகச் சர்க்கரை ஆலைகளில் கரும்பு பிழியும் ரோலர்களின் மேலுறை வார்ப்பிரும்பு. அரைக்க அரைக்க அதன் பற்கள் தேய்ந்து கரும்பைப் பிடிக்காமல் வழுக்கும். அதனால் பற்களின் மேல் வெல்டிங் பொட்டுகள் வைத்துச் சொரசொரப்பாக்குவார்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும் அபாயம் உண்டு. அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்ற ஒரே கேள்வியில் வார்ப்பு யூனிட்டும் வெல்டிங் யூனிட்டும் சேர்ந்து வந்துவிடும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத் தலைமையகமும் அதே ஊரில்தான். பஸ் பாடி பழுதுபார்ப்பைப் பார்த்தால் தகடு வேலை யூனிட்டுக்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

மாணவர்களுக்கு?

அடுத்த முறை அந்த ஃபார்ம் வரும்போது, புரியாததைப் புரியவில்லை என்றே குறிக்கலாம். மேலே பார்த்த கணக்கில் மாணவர்கள் வெல்டிங்குக்கு 3-க்குப் பதில் 1 என்று உண்மையைச் சொல்லியிருந்தால், மொத்தம் 1.48-ல் நின்றிருக்கும். இலக்கு எட்டப்படவில்லை என்று ரிப்போர்ட்டே சொல்லியிருக்கும். துறையும் காரணம் தேட வேண்டி வந்திருக்கும்.

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இன்டர்வியூவில் உட்காரும்போது சிஓ எண்ணை யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு வெல்டிங் துண்டை நீட்டி, ‘இதுல என்ன தப்புன்னு சொல்லுங்க’ என்று கேட்கலாம்.