சும்மா கிடந்த பார்ட்டிஷன்

“ஆன் பண்ணா கருப்பா நிக்குதுண்ணே. என்னமோ இங்கிலீசுல கேக்குது.”

2012-ல் இந்த வார்த்தையை வாரத்துக்கு நான்கைந்து முறையாவது கேட்டிருப்பேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான் என் கடை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் பத்துக்குப் பத்து அறை. வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளைகள், பள்ளிப் பைக்குள் துண்டு சுற்றி லேப்டாப்பைக் கொண்டுவருவார்கள். மேல்மூடியில் அரசு முத்திரை. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அது நின்றுபோனால் பிள்ளைக்குப் பயம், கூட வந்த அம்மாவுக்கு அதைவிடப் பயம். “கவர்மெண்டுல திருப்பிக் கேப்பாங்களா தம்பி?” என்று கேட்ட தாய்மார்கள் உண்டு.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான எல்காட்டுக்கு. முதல் ஆண்டுக்கே 9 லட்சத்துக்கு மேல் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த மடிக்கணினியின் சிறப்பு, ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள். ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பாஸ். சென்னை சி-டாக் மையம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. பொத்தான், மெனு எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்வழியில் படித்த பிள்ளையின் கையில் தமிழ் பேசும் கணினி போய்ச் சேர்ந்தது என்பதை இன்றும் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். அதை எப்படித் திறப்பது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆன் செய்ததும் கருப்புத் திரையில் சில வரிகள் வரும். எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகள் அம்புக்குறியைத் தட்டி விண்டோஸுக்குப் போய்விடுவார்கள். ஆறு மாதத்தில் படமும் பாட்டும் அக்கா கல்யாண வீடியோவும் சேர்ந்து வட்டு நிரம்பிவிடும். இடம் எங்கே கிடைக்கும் என்று தேடி டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், பெயரில்லாத ஒரு துண்டு தெரியும். லினக்ஸின் கோப்பு முறை விண்டோஸுக்குப் புரியாது என்பதால், அதற்கு சி, டி என்று எழுத்து கிடையாது, திறந்து பார்க்கவும் வழியில்லை. காலி இடம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். அழிக்கும்போது ஒன்றும் ஆகாது. மறுநாள் காலையில் ஆன் செய்தால்தான் அந்தக் கருப்புத் திரை. ‘அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி கண்ணைச் சிமிட்டும் ஒரு கோடு.

“எதையாவது அழிச்சியாப்பா?”

“ஒண்ணும் அழிக்கலண்ணே. ஒரு டிரைவு சும்மா கெடந்துச்சு, அதை மட்டும்...”

அந்தக் காலத்து வட்டின் முதல் 512 பைட்டுக்கு எம்பிஆர் என்று பெயர். பயாஸ் கண் விழித்ததும் முதலில் படிப்பது அதைத்தான். அதில் 446 பைட்டில் எழுப்பிவிடும் நிரல், 64 பைட்டில் பார்ட்டிஷன் பட்டியல், மிச்சம் 2 பைட்டில் இது சரியான வட்டு என்பதற்கான அடையாளம். ஒரே ஒரு திண்ணை, அதில் ஒருவர்தான் படுக்கலாம். லினக்ஸின் எழுப்பும் நிரலான க்ரப் அங்கே படுத்திருந்தால் இரண்டு பேரையும் எழுப்பிவிடும். ஆனால் 446 பைட்டில் முழு க்ரப்பும் அடங்காது. தலை திண்ணையில், உடல் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள். சும்மா கிடக்கிறது என்று அழித்தது அந்த உடலை. தலை மட்டும் விழித்து, மிச்சத்தைத் தேடி, கிடைக்காமல் திகைத்து நிற்கும். விண்டோஸுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. பரீட்சைக் குறிப்புகள், கல்யாண வீடியோ எல்லாம் உள்ளே பத்திரம். எழுப்ப ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு வைத்தியம் இரண்டு நிமிடம். விண்டோஸ் 7 பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் கட்டளைத் திரையைத் திறந்து, ‘பூட்ரெக்’ என்ற கட்டளையோடு ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ சேர்த்துத் தட்டினால், விண்டோஸ் தன் நிரலைத் திண்ணையில் எழுதிக்கொள்ளும். அதிலிருந்து நேராக விண்டோஸ் எழும்.

இந்த இரண்டு நிமிடத்தை நான் கற்றுக்கொண்டது தாமதமாகத்தான். அதற்கு முன்பு எல்லாக் கருப்புத் திரைக்கும் கடைகளில் ஒரே மருந்து: ஃபார்மட் அடித்து, ஓஎஸ் போட்டு, 300 ரூபாய். நானும் அதைத்தான் செய்தேன். பாலிடெக்னிக் பையன் ஒருவனின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதையும் அப்படி அழித்தேன். “உள்ள ஏதாச்சும் முக்கியமா இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கரண்ட் போவதற்குள் வேலையை முடிக்கும் அவசரம். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு, கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் கடை திறப்போம். ஆனாலும் அது சாக்குத்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். அதன் பிறகுதான் இந்தக் கருப்புத் திரை என்ன கேட்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். அந்த 2012 ஜனவரியில்தான் ‘கணியம்’ மின்னிதழ் வரத் தொடங்கியிருந்தது. கட்டற்ற மென்பொருளைத் தமிழில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் எழுதினார்கள். என் ஆங்கிலத்துக்கு அது பெரிய கை கொடுத்தது.

எதிர்த்திசையிலும் சிலர் வருவார்கள். விண்டோஸைத் திரும்பப் போட்டதும் லினக்ஸ் காணாமல் போயிருக்கும், விண்டோஸ் திண்ணையைப் பிடித்துக்கொண்டதால். லைவ் சிடியில் பூட் செய்து க்ரப்பைத் திரும்ப எழுதினால் சரியாகிவிடும். அப்படிக் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். கணினி அறிவியல் படித்த பிள்ளைகள் சிலர், அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்.

இன்றைக்குக் கடை அதே மாடியில்தான். வரும் புது லேப்டாப்பில் எம்பிஆர் இல்லை, பயாஸின் இடத்தில் யூஈஎஃப்ஐ. வட்டில் சுமார் 100 எம்பி அளவுக்குத் தனியாக ஒரு சின்னப் பார்ட்டிஷன் ஒதுக்கி, அதற்குள் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறார்கள். திண்ணை போய், ஆளுக்கொரு அறை வந்துவிட்டது. யாரை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதியிருக்கும். அன்று போலவே இன்றும் ஒரு பிள்ளை லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்துவிட்டு வந்தால், பென்டிரைவைத் தேட வேண்டியதில்லை. ஆன் செய்ததும் எஃப்12-ஐயோ எஃப்9-ஐயோ தட்டி, பட்டியலில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் எழுந்துவிடும். அன்று அந்தப் பையனை மாடிப்படியில் உட்காரவைத்த சங்கதி இன்று ஒரு பொத்தான். இதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

சின்னத் தொந்தரவுகள் புதிதாக வந்திருக்கின்றன. க்ரப்பை அப்டேட் செய்ததும் மெனுவில் விண்டோஸைக் காணவில்லை என்பார்கள். மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலையை 2021-ல் வந்த 2.06 பதிப்பிலிருந்து க்ரப் தானாகச் செய்வதில்லை, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றித் தேடச் சொல்ல வேண்டும். லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கிறது என்பார்கள். விண்டோஸ் உள்கடிகாரத்தை இந்திய நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. இரண்டில் ஒன்றை மற்றதற்கு ஒத்துப்போகச் சொன்னால் போதும். விண்டோஸை ஷட்டவுன் செய்த பிறகும் அதன் கோப்புகளில் லினக்ஸால் எழுத முடியவில்லை என்றால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸ் முழுதாகத் தூங்காமல் அரைக்கண் மூடிக் கிடக்கிறது. அந்த வசதியை நிறுத்திவிடலாம்.

பெரிய மாற்றம் பூட்டில் இருக்கிறது. செக்யூர் பூட் என்பது, கையெழுத்து சரியாக இருக்கும் நிரலை மட்டுமே எழுப்ப விடும் காவல். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழுதுள்ள பழைய பூட் நிரல்களைத் தடுக்கும் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் அது சேராது என்று சொல்லியிருந்தும், உலகம் முழுக்கப் பல கணினிகளில் சேர்ந்து, லினக்ஸ் எழாமல் போயிற்று. செக்யூர் பூட்டைக் கொஞ்ச நேரம் அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கி, திரும்பவும் காவலைப் போட வேண்டியிருந்தது.

அணைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. போன வருடம் சின்னாளபட்டிப் பக்கமிருந்து முதலாண்டு படிக்கும் பெண் ஒருத்தி அப்பாவுடன் வந்தாள். வீடியோ பார்த்து லினக்ஸ் போட முயன்றிருக்கிறாள். அதில் சொன்னபடி செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறாள். ஆன் செய்தால் நீலத்திரை, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கிறது. வட்டு முழுவதும் பிட்லாக்கரால் பூட்டியிருந்தது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், பெரும்பாலும் நம்மைக் கேட்காமலே வட்டு பூட்டிக்கொள்ளும். வாசலில் ஏதோ மாறியிருக்கிறது என்று தெரிந்ததும் உள்ளே விட மறுக்கும். திருடன் எடுத்துப்போனால் நம் கோப்பு அவனுக்குக் கிடைக்காது என்பதால் நல்ல ஏற்பாடுதான்.

முதலில் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பல சமயம் அதிலேயே சமாதானமாகிவிடும். இது ஆகவில்லை, அவள் வேறு சிலவற்றையும் மாற்றியிருந்தாள். என் பென்டிரைவுக்கோ கட்டளைகளுக்கோ இங்கே வேலையில்லை. அன்றைக்குக் கணினியிடம் கேட்ட கேள்விகளை இன்று ஆட்களிடம் கேட்கிறேன்.

“லேப்டாப் வாங்குனப்ப முதல்ல கணக்கு ஆரம்பிச்சது யாரும்மா?”

“பெரியப்பா பையன். திருப்பூர்ல இருக்காங்க.”

அந்த அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் எந்த மின்னஞ்சலில் ஆரம்பித்தார் என்று நினைவுபடுத்திக்கொள்ள அரை மணி நேரம். அந்தக் கணக்குக்குள் நுழைந்து சாவியைக் கண்டுபிடித்து, போனிலேயே வாசித்தார். ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் அந்தத் தொகுதியிலேயே பிடித்துவிடும். மூன்றாவது தொகுதியில் ஒருமுறை பிடித்தது. திரும்பக் கேட்டு அடித்தோம். எட்டாவது முடிந்து எண்டரைத் தட்டியதும் விண்டோஸ் எழுந்தது. அந்தப் பெண் பேசவேயில்லை. என் மேசை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லினக்ஸும் வேண்டும் என்றாள். படிப்புக்குத் தேவையாம். பிட்லாக்கர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, விண்டோஸுக்குள்ளிருந்தே இடத்தைச் சுருக்கி, செக்யூர் பூட்டை அணைக்காமலே உபுண்டுவைப் போட்டுக் கொடுத்தேன். அணைக்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை. உபுண்டுவின் பூட் நிரலுக்குச் செல்லுபடியாகும் கையெழுத்து இருக்கிறது.

பழைய அரசு லேப்டாப்புகள் இன்னும் வருகின்றன. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அந்த வயதுக் கணினிகளில் இல்லை. ராமைக் கூட்டி, எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் மிண்ட் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும். ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடை ஒன்றில் அப்படி ஒன்று கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறது. அன்று சும்மா கிடக்கிறது என்று அழிக்கப்பட்டதன் உறவுக்காரன்தான் இன்று அந்த வட்டு முழுவதையும் ஆள்கிறான். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்ஸும் உண்டு. இந்த முறை அது என்ன, எங்கே இருக்கிறது, எதை அழிக்கக் கூடாது என்று கல்லூரிக்கு ஒருவராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை. யாராவது கூப்பிட்டால் நானே போகத் தயார்.

அன்றைக்கு அந்தப் பெண்ணின் அப்பா கிளம்பும்போது, 48 எண்களையும் தாளில் எழுதச் சொன்னேன். என்னிடம் இருக்கக் கூடாது, உங்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அவர் நாகல்நகர் பக்கம் ஒரு பட்டறையில் முப்பது வருடமாகப் பூட்டு ராவுகிறவர். ஒவ்வொரு தொகுதியாகச் சரிபார்த்து எழுதினார்.

“பூட்டுனது தப்பில்ல தம்பி. பூட்டு விக்கும்போது நாங்க சாவிய வாங்குறவர் கையில குடுத்து, தொறந்து பாருங்கம்போம். இதுல நாம தொறந்து பாக்காமயே வாங்கிட்டு வந்துட்டோம்.”

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். படியிறங்கும்போது மகளிடம் சொன்னது மேலே கேட்டது: “உங்கம்மாட்டச் சொல்லி பீரோ சாவி கூடவே வைக்கச் சொல்லு.”