உங்களுக்குத் தெரியுமா? எம்டனை மிஞ்சிய அஞ்சல் தலைகள்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது ஜெர்மன் கப்பல் எம்டன். கில்லாடிகளை ‘ஆள் பெரிய எம்டன்’ என்று ராயபுரத்தில் இன்றும் சொல்வார்கள். அந்தப் பட்டத்துக்குப் பொருத்தமான இன்னொரு சரக்கும் ஜெர்மனியை ஒட்டிய வடகடல் பக்கம்தான்: ஹெலிகோலண்ட் தீவின் அஞ்சல் தலைகள்.

1890 வரை தீவு பிரிட்டனுடையது. அஞ்சல் தலையில் விக்டோரியா அரசி, அச்சடித்ததோ பெர்லின். 1867இல் வெளியான அசல்கள் குறைவு. ஆனால் 1875 முதல் 1895 வரை பெர்லின், லைப்சிக், ஹாம்பர்க் நகரங்களில் சேகரிப்பாளர்களுக்கென்றே லட்சக்கணக்கில் மறு அச்சுகள் குவிந்தன. பழைய ஆல்பத்தில் ‘ஹெலிகோலண்ட்’ இருந்தால் பெரும்பாலும் மறு அச்சுதான். துள்ளிக் குதிக்க வேண்டாம்!

மறு அச்சு வேறு, போலி வேறு. முன்னது அசல் அச்சிலிருந்தோ, அதன் வழிவந்த அச்சிலிருந்தோ பிறப்பது. பின்னது அச்சையே புதிதாகச் செய்வது. அதனால்தான் மறு அச்சைப் பிடிப்பது கடினம். படம் ஒத்துப்போகும், காகிதமும் மையின் சாயலும் ஓரப் பற்களும்தான் காட்டிக்கொடுக்கும். அரசியின் பின்கழுத்துச் சுருள்முடியைக்கூட லென்ஸில் பார்ப்பார்கள்.

ஜெர்மனியின் பவேரியா வெளியிட்ட பழைய தலைகள் பலவற்றில் போலியைப் பிடிக்கும் வேலை சுலபம். 1849லேயே காகிதத்துக்குள் சிவப்புப் பட்டு நூலை ஓட்டினார்கள், நம் ரூபாய் நோட்டில் பாதுகாப்பு இழை ஓடுவதுபோல. வெளிச்சத்தில் பிடித்தால் நூல் தெரியும். முதல் தலையான, ஒரு குரோய்ட்சர் மதிப்புள்ள கறுப்புத் தலையில் மட்டும் அந்த நூல் கிடையாது. விலை அதிகம் என்னவோ அதற்குத்தான்.