நூறு வாற்று வால்வு அம்பிளிபயர்

மின் கிற்றாரின் மரவுடல் தானாக அதிகம் ஒலிப்பதில்லை. அதன் கம்பிகளுக்குக் கீழே பதிக்கப்பட்ட காந்தச் சுருள்கள் கம்பியின் அதிர்வை மிக நுண்ணிய மின்னோட்டமாக மாற்றுகின்றன. அந்த நுண்ணிய மின்னோட்டத்தை மண்டபம் நிறைக்கும் ஓசையாக வளர்த்துத் தருவது அம்பிளிபயர். ஆகவே மின் கிற்றார் வாசிப்பவர் உண்மையில் இரண்டு வாத்தியங்களை வாசிக்கின்றார். ஒன்று கையில், மற்றது முதுகுக்குப் பின்னால். அந்த இரண்டாவது வாத்தியத்தின் வகைகளுள் பலரும் ஏங்கி நோக்குவது 100 வாற்று வலுவுள்ள வால்வு அம்பிளிபயர். வாங்கியவரை அதிகம் சங்கடத்துக்கு உள்ளாக்குவதும் அதுவே.

வால்வு வானொலிப் பெட்டி வீட்டில் இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்போர், விசையைத் திருப்பியதும் ஒலி உடனே எழாமல், உள்ளே தணல்போல் ஓர் ஒளி தோன்றி, சூடேறிய பின்னரே குரல் கேட்டதை மறந்திருக்கமாட்டார்கள். கிற்றார் அம்பிளிபயரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குழாயின் நடுவே கதோட்டுச் சூடாக்கப்படும்போது இலத்திரன்கள் வெளிப்பட்டு, உயர் மின்னழுத்தத்திலுள்ள அனோட்டுத் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையே ஒரு மெல்லிய கம்பி வலை உண்டு. கிற்றாரிலிருந்து வரும் சிறு மின்குறி அவ்வலையை அடைந்து, வாய்க்காலின் மதகு நீரை ஆளுவதுபோல அப்பெரும் பாய்ச்சலை ஆளுகின்றது.

திரான்சிற்றர் வந்தபின் வானொலிப் பெட்டியிலிருந்து வால்வு மறைந்தது. கிற்றார் அம்பிளிபயரில் மட்டும் அது நிலைத்துவிட்டது. தாங்கும் அளவுக்கு மேல் வால்வை உந்தும்போது, ஒலியலையின் முடிகள் சட்டென வெட்டுண்டு போகாமல் சிறிது சிறிதாக அமுங்கி மழுங்குகின்றன. அப்போது மூலச் சுரத்தோடு புதிய மேற்றொனிகள் சேர்ந்து நாதம் தடிக்கின்றது. நெடுநேரம் நிலைக்கவும் செய்கின்றது. மென்மையாக மீட்டினால் தெளிந்த ஒலி. அழுத்தி மீட்டினால் கரகரத்த முழக்கம். பொறியியலாளர் குற்றமென ஒதுக்கிய திரிபை இசைவாணர் அழகெனக் கொண்டனர்.

இத்தனை பெரிய வலு எதற்காகத் தேவைப்பட்டது? இலண்டனின் மேற்குப் பகுதியான ஹன்வெல்லில் ஜிம் மாஷல் என்பவர் 1960இல் ஒரு வாத்தியக் கடை திறந்தார். அவர் மேலைத்தேய முரசு வாசிப்பவர்; அதைக் கற்பித்தும் வந்தவர். அக்காலத்தில் அமெரிக்க அம்பிளிபயர்கள் இங்கிலாந்தில் பெருவிலை பெற்றன. 1962இல் கென் பிறான், டட்லி கிறேவன் ஆகியோரின் துணையுடன், அமெரிக்காவின் பென்டர் நிறுவனத்துப் பேஸ்மன் அம்பிளிபயரை முன்மாதிரியாகக் கொண்டு, மாஷல் தமது முதலாவது அம்பிளிபயரை உருவாக்கினார். அதன் வலு 100 வாற்றில் பாதியளவும் இல்லை. அக்கால மண்டபங்களிலோ பொது ஒலிபெருக்கி அமைப்புப் பாடகரின் குரலுக்கே போதாததாக இருந்தது. கூட்டத்தின் ஆரவாரத்தையும் முரசையும் கடந்து கிற்றாரின் ஒலி கடைசி வரிசையை அடையவேண்டுமாயின், கிற்றாரின் அம்பிளிபயரே அதைச் சுமந்து செல்லவேண்டும்.

‘த ஹூ’ என்னும் குழுவின் பீற் ரவுன்சென்ட்டும் ஜோன் என்ற்விசிலும் இன்னும் வலுவான கருவி வேண்டுமென்று கேட்டதன் விளைவாக, 1965 அளவில் 100 வாற்று அம்பிளிபயர் பிறந்தது. அதனுடன் ரவுன்சென்ட் கேட்டது, 12 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டினைக் கொண்ட ஒரே பெட்டி. அதைத் தூக்க நேர்ந்த பணியாளர்கள் முறையிட்டார்கள். பெட்டி இரண்டாக வகுக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரு பெட்டிகளும் அவற்றின் மேல் அம்பிளிபயருமாக இன்றுவரை மேடைகளிற் காணப்படும் அந்த உருவம், கலைஞனின் கற்பனையோடு சுமைதூக்குவோரின் முதுகுவலியும் சேர்ந்து படைத்தது எனலாம். 1966இல் இலண்டன் வந்த ஜிமி ஹென்ட்றிக்ஸ் இதனைக் கைக்கொண்டபின் அதன் புகழ் உலகெங்கும் பரவியது. அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் மாஷல் ஹென்ட்றிக்ஸ் என்பது ஒரு விந்தையான பொருத்தம்.

வலுவைப்பற்றிய கணக்கில் பலரும் ஏமாறுகின்றனர். 100 வாற்று, 50 வாற்றைப்போல் இருமடங்கு உரத்து ஒலிக்குமென்று எண்ணுவது தவறு. இவற்றிடையே உள்ள வேறுபாடு 3 தெசிபெல் மாத்திரமே. காது அதைச் சிறிய ஏற்றமாகவே உணரும். ஒலி இருமடங்கானதுபோற் செவிக்குத் தோன்ற, வலு ஏறத்தாழப் பத்து மடங்காதல் வேண்டும். இதே கணக்கை மறுபுறமாக நோக்கினால் அச்சம் தோன்றும். கிற்றாருக்கான 12 அங்குல ஒலிபெருக்கியொன்று, ஒரேயொரு வாற்று வலுவுக்கே ஒரு மீற்றர் தொலைவில் 97 தெசிபெல் அளவில் ஒலிக்கவல்லது. 100 வாற்று அதனுடன் மேலும் 20 தெசிபெல்லைச் சேர்க்கும். 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கலாமென்றும், அதற்குமேல் ஒவ்வொரு 3 தெசிபெல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்கவேண்டுமென்றும் செவிப் பாதுகாப்பு நெறி கூறுகின்றது. அதன்படி 100 தெசிபெல்லுக்கு 15 நிமிடமே கிடைக்கும். 117 தெசிபெல்லுக்குக் கிடைப்பது சில விநாடிகள்.

இங்கேதான் உடைமையாளரின் இக்கட்டுத் தொடங்குகின்றது. அவர் விரும்பி வாங்கிய நாதம், நான்கு பெரிய வால்வுகளும் முழு உழைப்பில் இறங்கும்போதே பிறக்கின்றது. அந்நிலையில் வீட்டு அறையும் தாங்காது, அயலவரும் தாங்கார், அவர்தம் செவியும் தாங்காது. இழந்த கேள்விப்புலன் மீள்வதில்லை. ரவுன்சென்ட் தமக்கு ஏற்பட்ட செவிக் குறைபாட்டையும் காதிரைச்சலையும் வெளிப்படையாகவே பேசியவர். மேடையைக் காட்டிலும், ஒலிப்பதிவுக் கூடத்தில் காதிற் பொருத்தும் கேட்கருவியே அதற்குப் பெருங் காரணமென அவர் கூறியிருப்பதும் கவனிக்கத்தக்கது.

சங்கடத்தைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. அம்பிளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே ஒரு வலுத்தணிப்பியைச் சேர்த்தால், வலுவின் பெரும்பகுதி வெப்பமாகக் கழியும். நான்கு வால்வுகளுள் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்றாக இரண்டை அகற்றுவோரும் உளர். அப்போது பின்புறத்திலுள்ள தடங்கல் தெரிவியைப் பாதியளவுக்கு மாற்றவேண்டும்; 16 ஓம் பெட்டிக்கு 8 ஓம். இத்தனை செய்தும் குறைவது அதே 3 தெசிபெல்தான். உண்மையில் வீட்டில் மாத்திரம் வாசிப்பவருக்கு 5 வாற்றுக் கருவியே ஏற்றது; அதுவும் அறைக்குப் போதியதற்கு மிஞ்சியதே. எனினும் பெரியதை விரும்புவோரை இந்தக் கணக்குத் தடுத்ததில்லை. தாழ்ந்த சுரங்களை மீட்டும்போது 100 வாற்றுக் கருவி தளராது நிற்கும் அந்த இறுக்கத்தைச் சிறிய கருவி தருவதில்லை என்பது அவர்கள் வாதம். அதில் உண்மையும் உண்டு.

கருவியை ஆள்வதிற் சில கட்டாயங்களும் உண்டு. ஒலிபெருக்கியை இணைக்காமல் அம்பிளிபயரை இயக்கலாகாது. இயக்கினால், வெளியேற வழியில்லாத சக்தி உயர் மின்னழுத்தமாக எழுந்து, வெளியீட்டு நிலைமாற்றியையும் வால்வுகளையும் எரித்துவிடும். கிற்றாரை இணைக்கும் மெல்லிய வடத்தை ஒலிபெருக்கிக்குப் பயன்படுத்துவதும் தவறு. அதற்குத் தடித்த செப்புக் கம்பியுள்ள வடமே வேண்டும். உள்ளே 450 வோல்ற்றுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்க்கொல்லியான மின் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் பயிற்சியற்றவர் மூடியைத் திறவாதிருத்தல் நன்று. வெளியீட்டு வால்வுகள் உழைப்பால் தேய்பவை. புதியவை பொருத்தும்போது அவற்றினூடாகச் செல்லும் ஓய்வுநிலை மின்னோட்டத்தைத் தொழில் தெரிந்தவர் அளந்து சீராக்கவேண்டும். இங்கிலாந்தின் பழம்பெரும் வால்வுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டன; இப்போது இவை பெரும்பாலும் சீனா, ரஷ்யா, சுலோவாக்கியா ஆகிய நாடுகளிலிருந்தே வருகின்றன.

இன்றைய மேடையில் நிலைமை வேறு. ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் ஓர் ஒலிவாங்கியை நிறுத்தி, அதன் வழியாக மண்டபத்தின் பொது அமைப்புக்கு ஒலியைக் கொண்டுசெல்கின்றனர். கடைசி வரிசைக்கு ஒலி சேர்க்கும் பொறுப்பு அம்பிளிபயரை விட்டு நீங்கிவிட்டது. பின்னணியிற் சுவர்போல் அடுக்கிய பெட்டிகளுட் சில உள்ளே எதுவுமில்லாத வெறும் பெட்டிகளாக இருந்ததும் உண்டு. ஆயினும் மெய்யாக ஒலிக்கும் பெட்டி ஒன்றேயாயினும் அது முன்வரிசையைத் தாக்கும். அதன் கூரிய ஒலி நேர்கோட்டிற் செல்வது. தரையில் வைத்த பெட்டியின் முன்னே நிற்கும் கலைஞரின் முழங்கால்களே அதை நன்கு பெறுகின்றன. தமக்குக் கேட்கவில்லையென்று அவர் மேலும் ஏற்றுகின்றார். எதிரே அமர்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்கின்றார். பெட்டியைச் சற்றே உயர்த்தியோ பின்புறமாகச் சாய்த்தோ அவர் செவியை நோக்கி வைத்துவிட்டால், குமிழை அவர் தாமாகவே இறக்கிவிடுவார்.