மிச்ச ஆளே இல்லாத விளையாட்டு!

குழந்தைகளே! கிரிக்கெட் விளையாட ஆள் பிரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு கேப்டன்கள் நின்றுகொண்டு, "நீ வா, நீ வா" என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். கடைசியில் ஒருவன் மட்டும் நிற்பான். "இவனை நீயே வெச்சுக்கோ" என்று ஒரு கேப்டன் சொல்ல, "எனக்கு வேண்டாம்பா" என்பான் இன்னொருவன். அந்தப் பையனுக்கு அன்றைக்கு விளையாட்டே கசந்துவிடும்.

யாருமே இப்படி மிஞ்சாமல் ஒரு விளையாட்டு நாள் நடத்த முடியுமா? முடியும்! 'லான் பவுல்ஸ்' என்ற புல்வெளிப் பந்து விளையாட்டுச் சங்கங்களில் அப்படித்தான் நடத்துகிறார்கள். அந்த வித்தையைக் கற்றுக்கொள்வோமா?

வளைந்து போகும் பந்து

இந்த விளையாட்டு நம் கோலி விளையாட்டுக்கு அண்ணன் மாதிரி. சமமாக வெட்டிய புல்தரையின் ஓரத்தில் ஒரு சிறு விரிப்பு போட்டிருப்பார்கள். அதில் நின்று, முதலில் ஒரு சின்னப் பந்தை உருட்டுவார்கள். அதற்குப் பெயர் 'ஜாக்'. (நம் பண்ருட்டிப் பலாவின் ஆங்கிலப் பெயரிலும் 'ஜாக்' உண்டு. ஆனால், இதற்கும் அதற்கும் உறவில்லை!) ஜாக் குறைந்தது 23 மீட்டர் தள்ளிப் போய் நிற்க வேண்டும். பிறகு இரண்டு அணியினரும் மாறி மாறிப் பெரிய பந்துகளை உருட்டுவார்கள். ஜாக்குக்கு மிக அருகில் பந்தை நிறுத்திய அணிக்கே புள்ளி.

இதில் ஒரு வேடிக்கை. பெரிய பந்து நேராகப் போகாது, வளைந்து போகும்! அதன் ஒரு பக்கம் மற்ற பக்கத்தைவிடக் கொஞ்சம் புடைத்திருப்பதே காரணம். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைத் தரையில் நிறுத்தி உருட்டிவிடுங்கள். முதலில் நேராக ஓடும். வேகம் குறையக் குறைய ஒரு பக்கம் சாய்ந்து வளையும். இந்தப் பந்தும் அப்படித்தான். ஆகவே, இதில் பலசாலிதான் ஜெயிப்பான் என்று சொல்ல முடியாது. கைப்பக்குவமும் கணக்கும் வேண்டும்.

பாட்டியும் விளையாடலாம்

2022-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தது. அதில் ஸ்காட்லாந்தின் ரோஸ்மேரி லென்டன் தம் ஜோடியுடன் சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான லான் பவுல்ஸில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 72! பார்வைக் குறைபாடு உள்ள ஒரு வீராங்கனைக்குப் பக்கத்தில் இருந்து வழி சொன்ன ஜார்ஜ் மில்லருக்கும் தங்கம் கிடைத்தது. அவருக்கு வயது 75!

அதே போட்டியில் நம் நாட்டுப் பெண்கள் நால்வரும் சாதித்தார்கள். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகியோர் ஆகஸ்ட் 2-ம் தேதி இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்றார்கள். காமன்வெல்த் லான் பவுல்ஸில் இந்தியா பெற்ற முதல் பதக்கமே தங்கம்! இவர்களில் லவ்லி முன்பு தடகளத்தில் இருந்தவர். நயன்மோனி பளு தூக்கியவர். காயம் பட்டதால் இருவரும் பழைய விளையாட்டை விட வேண்டியதாயிற்று. "இனி இவரால் முடியாது" என்று ஒதுங்கிவிடாமல், வேறொரு திடலில் கால் வைத்தார்கள்.

சீட்டு எடு, கூட்டு சேர்

சங்கங்களில் இரண்டு விதமாக ஆடுவார்கள். ஒன்று, கோப்பைக்கான போட்டி. மற்றொன்று, சேர்ந்து மகிழ்வதற்கான பொது ஆட்ட நாள். அன்றைக்கு வருகிறவர்கள் பெயர் கொடுத்தால் போதும். பெயர்களைக் கலந்து, சீட்டு எடுத்து அணி பிரிப்பார்கள். நேற்று சேர்ந்தவரும் இருபது வருடம் ஆடியவரும் ஒரே அணியில் வரலாம். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் எதிரணியோடு கை குலுக்குவார்கள்.

இது வெளிநாட்டு வித்தை என்று நினைக்காதீர்கள். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 920-ஐ ஒட்டி, ஊர்ச் சபைக்கு எப்படி ஆள் எடுத்தார்கள் தெரியுமா? பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அதுதான் குடவோலை முறை. சடுகுடு ஆடுவதற்கு நம் கிராமத்துப் பிள்ளைகள் 'உத்தி' பிரிப்பதும் உண்டு. சம பலமுள்ள இருவர் ஜோடி சேர்ந்து, ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். தலைவர் பெயரைக் கேட்டுத்தான் எடுக்க முடியும். ஆளைப் பார்த்து எடுக்க முடியாது!

நீங்களும் நடத்துங்கள்

எங்கள் திருவதிகையில் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கமாக இருந்தாலும் சரி, நெய்வேலி நகரியத்தின் மைதானமாக இருந்தாலும் சரி, உங்கள் பள்ளித் திடலாக இருந்தாலும் சரி, இந்த ஆட்டத்தைச் சுலபமாக நடத்தலாம். புல்தரை வேண்டாம், கூட்டிப் பெருக்கிய கெட்டித் தரை போதும்.

1. ஒரு நாள் முன்பே பெயர் எழுதுங்கள். தம்பி, தங்கை, தாத்தா, பாட்டி எல்லோரையும் கேளுங்கள். கேட்காமலேயே "அவளுக்கு வராது" என்று முடிவு செய்யாதீர்கள்.

2. இரண்டு சொம்பு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நன்றாக ஆடுபவர்கள் பெயர். மற்றதில் புதியவர்கள் பெயர். இரண்டிலிருந்தும் மாற்றி மாற்றிச் சீட்டு எடுங்கள். புதியவர்கள் எல்லோரும் ஒரே அணியில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க இதுதான் வழி. சீட்டு எடுப்பது கூட்டத்தில் மிகச் சிறிய குழந்தையாக இருக்கட்டும்.

3. அணிக்கு மூன்று பேர், ஆறு ரப்பர் பந்து. ஆளுக்கு இரண்டு. அணிக்கு ஒரு வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். ஆட்கள் சரியாக வராவிட்டால்? பதினொரு பேர் வந்தால் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியுங்கள். இரண்டு பேர் உள்ள அணியில் ஆளுக்கு மூன்று பந்து. கணக்கு சரியாகிவிட்டதா?

4. ஒரு எலுமிச்சம்பழம்தான் உங்கள் ஜாக். பத்து அடி வைத்து நடந்து, அவ்வளவு தூரத்துக்கு உருட்டுங்கள். அணியில் மிகவும் புதியவருக்கே அதை உருட்டும் உரிமை!

5. எந்தப் பந்து அருகில் என்று சண்டை வந்தால், கண்ணால் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நூல் பிடித்து அளந்து பாருங்கள்.

6. ஐந்து சுற்று முடிந்ததும் ஆட்டம் முடிந்தது. திரும்பச் சீட்டுக் குலுக்கி, புது அணி பிரியுங்கள். முதல் ஆட்டத்தில் எதிரியாக இருந்தவன் இரண்டாம் ஆட்டத்தில் கூட்டாளி!

7. வெயில் ஏறும் முன் தொடங்கி முடித்துவிடுங்கள். குடிதண்ணீர் அவசியம். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கடலை மிட்டாய் சாப்பிட வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர் எல்லோருக்கும் சம பங்கு.

சீட்டு எடுத்தாலும் ஒரு அணி தோற்கத்தான் செய்யும். அதில் தவறில்லை. தோற்ற வருத்தம் சாயங்காலத்துக்குள் போய்விடும். ஆனால், யாருமே கூப்பிடாமல் நின்ற வருத்தம் பல நாள் இருக்கும்.

உங்கள் தெருவில் எப்போதும் சுவரோரம் நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் சீட்டில் அந்தப் பெயரை எழுதிவிடுங்கள்!